தேய்த்தும் போகாத அழுக்கு

எனக்குத் தோல் பார்க்கிற வேலை. ஆம்பூரில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெளியூரில் சொன்னால் சட்டைக் கையை மடக்கித் தேமலைக் காட்ட வந்துவிடுவார்கள். நான் பார்ப்பது ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும். பதப்படுத்திச் சாயமேற்றி, ஷூ தைக்கத் தயாராக வருகிற தோல்களை மேசைமேல் விரித்து, தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட் என்று பிரிக்க வேண்டும். கம்பெனியில் இதற்கு செலக்‌ஷன் என்று பெயர். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

கொஞ்சம் கர்வமும் உண்டு. உண்ணி கடித்த வடு, முள்வேலி கீறின கோடு, சொறி வந்து ஆறின இடம் எல்லாம் என் கட்டை விரலுக்குத் தெரியும். கொழுத்த மாடென்றால் கழுத்தில் மடிப்பு விழுந்திருக்கும், சாயம் அந்த மடிப்பில் கருத்துப்போய் நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "இது நல்லா தின்னுட்டுப் படுத்துக் கெடந்த மாடுப்பா, கழுத்தப் பாரு" என்று வித்வான் மாதிரி சொல்வேன். அவர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

இப்படிப்பட்ட நிபுணனுக்கு ஒரே ஒரு மகள். பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தாலே போதும் என்று நானும் மனைவியும் வேண்டாத தெய்வம் இல்லை. அந்தப் பயத்தில் ஊட்ட ஆரம்பித்தோம். பயம் போன பிறகும் கை நிற்கவில்லை. மூன்று வயதில் அவள் கொழுகொழுவென்று இருந்ததைப் பார்த்து யாராவது கன்னத்தைக் கிள்ளினால் எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருக்கும். எட்டு வயதில் கிள்ளுவதை நிறுத்திவிட்டு, "இன்னா சாப்புடுது பாப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "எங்க வம்சமே எலும்பு கனம்" என்பேன். எலும்புக்குமேல் இருந்ததைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்பது வயதில் அவள் கழுத்தின் பின்பக்கம் கருக்க ஆரம்பித்தது. மாலை போட்ட மாதிரி ஒரு பட்டை, தொட்டால் வெல்வெட் துணிபோல் இருந்தது. ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று என் மனைவி முடிவு கட்டினாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் போர்தான். பயத்தம் மாவு போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சைத் தோல், புளித்த தயிர், பீர்க்கங்காய் நார் எல்லாம் வந்து போயின. கைப்பேசியில் யாரோ சொன்னார்கள் என்று சமையல் சோடாவைக்கூட அப்பினாள். பிள்ளை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அடியே, தோல உரிச்சிடப் போற" என்றார்.

அப்போது என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டிலேயே தோல் நிபுணன் இருக்கும்போது வெளியே ஏன் போக வேண்டும்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகளை வெளிச்சத்துக்குத் திருப்பி, கம்பெனி மேசையில் பார்ப்பதுபோலவே கட்டை விரலால் ஒரு இழு இழுத்துப் பார்த்தேன்.

"அழுக்குதான். ஊறிப்போன அழுக்கு. நல்லா தேய்" என்றேன்.

இருபது வருட சர்வீஸில் நான் கொடுத்த மிக மோசமான தீர்ப்பு அதுதான். அதை நம்பி என் மனைவி மேலும் ஒன்றரை வருடம் தேய்த்தாள்.

மகள் ஆறாம் வகுப்பு போனதும் பள்ளியில் எல்லோருக்கும் எடை பார்த்தார்கள். ஒரு துண்டுச் சீட்டு வந்தது. எழுபத்திரண்டு கிலோ, மருத்துவரைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. "கண்ணு வச்சிட்டான் அந்த பி.டி. சாரு" என்றாள் மனைவி. அன்று சாயங்காலமே உப்பு, மிளகாய், கடுகு எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வராவிட்டால் கண்ணேறு கனமாக இருக்கிறது என்று அர்த்தம். "பாத்தீங்களா, நெடியே இல்ல" என்று அவள் ஜெயித்த குரலில் சொன்னாள். எனக்கோ தொண்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. இருமினால் அவள் தோற்றுவிடுவாள் என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

சீட்டை அலமாரியில் செருகிவிட்டு மறந்தும் போயிருப்போம். மறுவாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தி மாடியில். பிரியாணி மணம் கீழ்வரை வருகிறது, என் மகள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, மூச்சு வர்ல, நீ போய் எடம் புடி" என்றாள். என் அப்பா நாற்பத்து நான்கு வயதில் அதே மாதிரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் இடம் பிடிக்கப் போகவில்லை. அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் லீவு போட்டேன்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு அம்மா. பார்த்தவுடனே எடையையோ வயிற்றையோ கேட்கவில்லை. மகளின் பின்னலை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். "இது எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷம் ஆவுது மேடம்" என்றாள் மனைவி. "வாராவாரம் தேய்க்கறேன், போவவே மாட்டேங்குது. அழுக்குன்னு இவர்தான் சொன்னாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இது அழுக்கு இல்லீங்க. உடம்பு எடை ஜாஸ்தியாகி, இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா கழுத்து இப்படிக் கருக்கும். சர்க்கரை வியாதி வரலாம்னு உடம்பு முன்கூட்டியே சொல்லுது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "எங்கப்பா தோல் பாத்து சொல்ற வேல மேடம். கரெக்டா சொல்லுவாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்பார்கள். என் வீட்டு இருட்டுக்கு நானே விளக்காக இருந்தேன்.

அடுத்து சாப்பாட்டு விசாரணை. காலையில் என்ன என்று கேட்டதற்கு "ரெண்டு இட்லி" என்றாள் மனைவி. "ஆறு" என்றாள் மகள். "சாயங்காலம் ஏதோ கொஞ்சம் பிஸ்கட்டு" என்றேன் நான். "ஒரு பாக்கெட்டு" என்றாள் மகள். "பிரியாணி எப்பவாவது மேடம்" என்று மனைவி சமாளித்தாள். "எப்பவாவதுன்னா வெள்ளிக்கெழம, ஞாயித்துக்கெழம, அப்புறம் பக்கத்து வீட்ல எப்ப குடுக்கறாங்களோ அப்ப" என்று விரல் விட்டு எண்ணினாள் மகள். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டார். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டபோது மட்டும், என் அப்பா நாற்பத்து நான்கில் போனதை நான் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்க்கச் சின்னப் பிள்ளைகளுக்கான பட்டை அவள் கையைச் சுற்றி வரவில்லை. பெரியவர்கள் பட்டையை எடுத்து வந்தார்கள். "நா பெரிய ஆளு ஆய்ட்டேன்" என்று அவள் குஷியாக இருந்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், "ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி இருக்கு" என்றார் டாக்டர்.

"எங்க மிஸ்ஸும் அதான் சொல்றாங்க மேடம்" என்றாள் மகள்.

அப்போது டாக்டரும் சிரித்துவிட்டார். பிறகு மகளை நர்ஸோடு உயரம் பார்க்க வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் பேசினார். இதயத்தை ஸ்கேன் பண்ணியாயிற்று, இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ஈரலில் கொழுப்பு படிய ஆரம்பித்திருக்கிறது. இப்படியே விட்டால் வாலிப வயதிலேயே ரத்தக் குழாய் கெட ஆரம்பிக்கும், தாத்தாவுக்கு வேறு சின்ன வயதிலேயே வந்திருக்கிறது. ஆனால் இது சின்ன உடம்பு, இப்போது மாற்றினால் மாறும். "பிள்ளைய மட்டும் பட்டினி போடாதீங்க. வீடு முழுக்க மாறணும். அப்பாவும்தான். நீங்களும் ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துக்குங்க" என்றார். கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. ஆனால் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குடியாத்தத்தில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் போட்டேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், துக்கச் செய்தியைச் சின்னதாகச் சொல்லத் தெரியாது. "முப்பது வயசுலயே அட்டாக்குன்னு சொல்லிட்டாங்கக்கா" என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. இப்படியே விட்டால் என்றார், கெட ஆரம்பிக்கும் என்றார், மாற்றினால் மாறும் என்றார். இந்த மூன்றையும் நான் கழித்துக் கட்டிவிட்டு மீதியை அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அந்தப் பக்கம் அழுதாள், நான் இந்தப் பக்கம் அழுதேன். மகள் அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து எங்கள் அடுப்பில் புரட்சி. கேழ்வரகும் கீரையும் வந்தன. ஆறு இட்லி மூன்றாகி, கூடவே கிண்ணம் நிறையக் காய் வந்தது. எண்ணெய்ப் புட்டியை மனைவி பீரோவில் வைத்துப் பூட்டினாள், நகைகூட எங்கள் வீட்டில் அப்படி இருந்ததில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம், இனிமேல் பிரியாணி அனுப்ப வேண்டாம் என்று சொல்லப் போனேன். அவர் கண் கலங்கிவிட்டார். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா நா குடுப்பனா தம்பி" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வழக்கத்தைவிடப் பெரிய டிபன் கேரியர் வந்தது. "இதுல எண்ணெ கம்மி" என்று செய்தியும் வந்தது. திறந்தால் எண்ணெய் மேலே நின்று எங்களைப் பார்த்தது. திருப்பி அனுப்ப முடியாது, பிள்ளையும் சாப்பிடக் கூடாது, மனைவிக்கு அன்று விரதம். வேறு வழியில்லாமல் நான் தியாகம் செய்தேன்.

அந்தத் தியாகம் பழகிவிட்டது. ஊரெல்லாம் மத்தியானம் பிரியாணிக்குத் தம் போடுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் இருக்கிற கடையைத் தாண்டிப் போவது சாமானியமா? வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து, வீட்டில் கீரை, வெளியில் பிரியாணி என்று இரட்டை வாழ்க்கை வாழ்ந்தேன். கையைக் கம்பெனி சோப்பில் மூன்று முறை கழுவிவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுப்பேன். ஒருநாள் வாசலிலேயே மகள் மறித்தாள்.

"கை காட்டு."

"இன்னாத்துக்கு?"

"காட்டு சொல்றேன்."

விரலை மூக்கருகே வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். நான் தோலைத் திருப்பிப் பார்க்கிற அதே தோரணையில் உள்ளங்கை, புறங்கை இரண்டையும் பார்த்தாள். "பட்ட, லவங்கம், கத்திரிக்கா தால்சா" என்றாள்.

"சேச்சே, பக்கத்துல ஒருத்தன் சாப்ட்டான். அவனுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தேன்" என்றேன்.

"ரிஜெக்ட்" என்று கையை உதறிவிட்டு உள்ளே போனாள். நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் கதையாகிவிட்டது என்று தெரிந்தும் அடுத்த வாரமே மறுபடி போனேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இதற்கிடையில் தினமும் காலையில் இரண்டு பேரும் பாலாற்றங்கரை ரோட்டில் நடந்தோம். அவளை நடக்க வைப்பதாகத்தான் ஏற்பாடு. முதல் வாரம் அவள் மூச்சு வாங்குவாள், நான் கைப்பிடித்துக் கூட்டிப் போவேன். மூன்றாவது மாதம் அவள் தூரத்து வேப்பமரத்தில் நின்று இடுப்பில் கைவைத்து, "வாப்பா சீக்கிரம், ஸ்கூலுக்கு டைம் ஆவுது" என்று கத்துவாள். நாலு கிலோ குறைந்திருந்தது. இவ்வளவு நாள் குண்டு என்று கேலி பேசிய அதே தெரு, "பாப்பா எளச்சிடுச்சே, ஒடம்புக்கு இன்னா?" என்று துக்கம் விசாரித்தது. இந்த ஜனங்களோடு பேஜாராகிவிட்டது.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்திருந்தபோது தமிழ் மிஸ் பள்ளிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கொழுப்புப் புகார்தான் என்று நினைத்துத் தனியாகப் போனேன். மிஸ் ஒரு கட்டுரை நோட்டை என் முன்னால் வைத்தார். 'நான் என்னவாக விரும்புகிறேன்' என்று தலைப்பு. என் மகளின் குண்டுக் குண்டான எழுத்து.

"எனக்கு டாக்டர் ஆக ஆசை. ஆனால் டாக்டருக்கு ரொம்ப வருடம் படிக்க வேண்டும். எனக்கு முப்பது வயதில் அட்டாக் வரும் என்று அப்பா அத்தையிடம் போனில் சொன்னார். படித்து முடித்ததும் செத்துப்போனால் அப்பாவுக்கு நஷ்டம். ஆகையால் சீக்கிரம் படித்து முடிக்கிற வேலையாகப் பார்த்து டீச்சர் ஆகிவிடலாம் என்று இருக்கிறேன். டீச்சர் என்றால் ஏழு வருடமாவது வேலை பார்க்கலாம். அதற்குள் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்துவிடுவேன்."

"டீச்சர் வேலைன்னா அவ்ளோ சுலபமா நெனச்சிட்டா பாருங்க" என்று மிஸ் சிரிக்கப் பார்த்தார். சிரிக்க முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தப் பிள்ளைகள் உட்காருகிற சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாலு மாதமாக என் மகள் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னோடு நடந்திருக்கிறாள், என் கையை மோந்திருக்கிறாள், வேப்பமரத்தடியில் நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

பள்ளி விட்டதும் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். பைபாஸ் ஓரம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"பாப்பா, டாக்டர் அப்டி சொல்லவே இல்ல. அப்பாதான் அத்தகிட்ட ஏத்திச் சொல்ட்டேன். ஒன் இதயம் நல்லா இருக்கு. இப்டியே நடந்து, ஒழுங்கா சாப்ட்டா ஒண்ணும் ஆவாது."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "பிரியாணி சாப்டலன்னுகூடத்தான் சொன்ன."

அவளுடைய உயிர் விஷயத்தில் நான் சொல்கிற உண்மையை அவள் நம்ப வேண்டும். நம்புவதற்கு என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் தால்சாவில் தொட்டுத் தின்றிருக்கிறேன்.

"இன்னிக்குக்கூட சாப்ட்டேன்" என்றேன்.

"தெரியும். வண்டில ஏறும்போதே வாசன வந்துச்சு."

"வாராவாரம் சாப்ட்டேன். தண்ணி எடுத்துக் குடுத்தேன்னு சொன்னது பொய்."

"அதுவும் தெரியும்." என் காதருகே வந்து கேட்டாள். "டாக்டர் சொன்னது மட்டும் நெஜமா?"

"நெஜம். ஒன் மேல சத்தியம்."

"என் மேல வாணாம், வேற எது மேலயாவது பண்ணு" என்றாள். பிறகு யோசித்துக் கேட்டாள். "அப்ப நாப்பது வயசு வரைக்கும் இருப்பேனா?"

"இருப்ப."

"ஒனக்கு இப்ப எத்தினி?"

"நாப்பத்தி மூணு."

"தாத்தா எத்தினியில போனாரு?"

அவளுக்குத் தெரியும், டாக்டரிடம் நான் சொன்னபோது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கணக்கில் அவ்வளவு சுமாரான பிள்ளை அந்தக் கழித்தலை மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டு முடித்தாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், புளியமரத்தடியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். தன் முப்பதுக்கு அழாத பிள்ளை என் நாற்பத்து நான்குக்கு அழுதது. நானும் அழுதேன். பஸ்ஸில் போனவர்கள் ஸ்கூட்டர் ரிப்பேர் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போனேன். அவள் யூனிபார்மோடு கூடவே வந்தாள். ஆயிரம் ஆயிரம் தோல்களைத் தடவிப் பார்த்தவன், ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். லேப் பெண், "கைய லூசா விடுங்க சார்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். கை விறைத்துக்கொண்டு நின்றது. மகள் எழுந்து வந்து என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாதுப்பா, நா இருக்கேன்" என்றாள்.